முலாம் கரையும் முன்

விமானத்தின் சக்கரக்காலில் உள்ள பழைய முலாமைக் கரைப்பதற்கு முன் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது பட்டறை விதி. இந்தக் காலத்து முலாம், தன்மேல் பட்ட ஓசைகளை ஒன்று விடாமல் பிடித்து வைத்திருக்கும். விரிசல் விட்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஜெபராணி ஹெட்போனை மாட்டினாள்.

விரிசல் இல்லை. விரல்முட்டியால் இரண்டு தட்டு கேட்டது. தொடர்ந்து, போன வருடம் இறந்துபோன அவள் கணவன் தங்கதுரையின் குரல். விமானத்தைச் சரிபார்த்து அனுப்பும் மெக்கானிக் அவன். கிளம்பும்முன் சக்கரக்காலைத் தட்டிப் பேசுவது அவன் வழக்கம்.

"போயிட்டு வாடா. உள்ள குழந்தைங்க இருக்கு, பத்திரம்."

மறுபடி மறுபடி கேட்டாள். பிறகு அந்தக் குரல் இருந்த உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் அமிலம் படாதபடி மெழுகைப் பூசி, சக்கரக்காலை அமிலத் தொட்டியில் இறக்கினாள்.

"அக்கா, புது முலாம் போடுறவங்க வந்துட்டாங்க. முழுசா எடுத்தாச்சா?" கூட வேலை செய்யும் நசீமா வாசலிலிருந்து கேட்டாள்.

பழைய முலாம் துளி தங்கினாலும் அடியில் துரு ஏறும். என்றாவது ஒருநாள் கால் முறியும். உள்ளே குழந்தைகள் இருப்பார்கள்.

"இதோ, இன்னும் கொஞ்சந்தான்" என்றபடி ஜெபராணி சக்கரக்காலை மேலே தூக்கி, மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி இறக்கினாள். தொட்டியில் நுரை பொங்கி அடங்கியது.

வெளியே வந்த வெறும் இரும்புக்கு ஞாபகம் கிடையாது. அதை விரல்முட்டியால் இரண்டு தட்டு தட்டி, மெல்லச் சொன்னாள்:

"போயிட்டு வாங்க."