மூடுவதற்கு முன்

மாரிசாமி இன்றும் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார். மண் தோண்டும் டிகரின் எஞ்சின் அணைந்திருந்தது. மண்ணைத் தள்ள வேண்டிய வாளி அந்தரத்தில் நின்றது.

பிருந்தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். ஆக்லாந்தின் ஹென்டர்சனில் பதினெட்டு வீடுகள் எழும் அந்த சைட்டுக்கு அவன் சூப்பர்வைசர். மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டிருந்தது.

நாற்பது மீட்டர் பள்ளம். அடியில் மழைநீர்க் குழாய் பதித்தாகிவிட்டது. மண்சுவரைத் தாங்கும் இரும்புத் தட்டிகளை எடுத்தபிறகு யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்பது விதி. மாரிசாமி ஒரு கையால் சுவரைத் தொட்டபடி கடைசிவரை நடந்தார். குனிந்து குழாயின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“அண்ணை, மேலை வாங்கோ.”

“முடிஞ்சிருச்சு தம்பி. ஒரு தடவை பாத்துட்டேன்.”

“என்னத்தைப் பாத்தனீங்கள்? பைப் படுத்திருக்கு. பக்கத்திலை வேறை ஆரும் படுத்திருக்கினமோ?”

“இல்ல. யாருமில்ல.” அவர் சிரிக்கவில்லை.

பிருந்தனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. நேற்று இறங்கியதற்காக ஆபீஸ் அனுப்பிய மூன்றாவது எச்சரிக்கை. அவன் கையெழுத்திட்டால் மாரிசாமியின் வேலை போகும். அந்த வேலையை நம்பியிருக்கும் விசாவும் போகும்.

“ஒரு காரணம் சொல்லுங்கோ. நான் ஆபீசிலை கதைச்சுப் பாக்கிறன். சும்மா இறங்கினனான் எண்டு சொன்னால் ஒருத்தரும் கேக்காயினம்.”

மாரிசாமி ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். சைட்டில் அவருக்குப் பட்டாளம் என்று பெயர். இளவயதில் ஒரு பாலைவனச் சண்டையில் இருந்ததாக அவர் சொன்னதிலிருந்து வந்த பெயர். அதற்குமேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

“சண்டைக்காலத்துப் பழக்கமோ?”

“அப்படித்தான் வச்சுக்கங்க.”

“இந்தியாக்காரர் நீங்கள். அங்கை என்னண்டு போனீங்கள்?”

“இருபது வயசுல வேலைக்குப் போனேன். சண்டை வரவும், மண்ணு வேலைக்கு ஆள் வேணும்னு ஆர்மிக்காரங்க பிடிச்சுட்டுப் போயிட்டாங்க.”

பிருந்தனுக்கு விளங்கியது. மாரிசாமியின் விண்ணப்பம் அவனுக்கு நினைவிருந்தது. புல்டோசர், டிகர், வளைகுடாவில் பதினோரு வருடம்.

“டொக்குமென்டரியிலை பாத்தனான். டாங்கி வாறதுக்கு முன்னம் ஆமி எஞ்சினியர்மார் போறவை. கண்ணிவெடி எடுத்து, மண் அணையை உடைச்சு, பள்ளத்தை மூடி, டாங்கிக்கு வழி எடுத்துக் குடுக்கிறவை. அந்த வேலையோ?”

மாரிசாமி பள்ளத்தைப் பார்த்தார்.

“விடியற நேரம். முதல்ல சத்தம் வராது. காலுக்குக் கீழ தரை நடுங்கும். அப்புறம் டாங்கி வரும். முன்னால பெரிய கலப்பை, ஆள் உயரத்துக்கு. பல்லு பல்லா இருக்கும்.” கையை விரித்துக் காட்டினார். “ஓட்டுறவனைக் குத்தம் சொல்ல முடியாது தம்பி. அவனுக்கு முன்னால புழுதிதான். கீழ எதுவும் தெரியாது.”

“கீழை எண்டால்? பள்ளத்துக்குள்ளை ஆக்கள் இருந்தவையோ?”

“இருந்தாங்க. நாப்பது பேருக்குக் குறையாது. கம்புல வெள்ளை பனியன் ஒண்ணு கட்டியிருந்துச்சு.”

“பிறகு?”

“மூடிருச்சு. அதுக்கு மேலயே டாங்கி போச்சு.”

பிருந்தனின் கை சட்டைப்பைக்குப் போனது. அவனுடைய பெரியம்மா வன்னிப் போரில் பதுங்குகுழிக்குள் இருந்தபடியே மண்ணுக்குள் போனவர். தோண்டி எடுக்க ஆளில்லை. செய்தி ஆக்லாந்துக்கு வந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. அம்மா இரண்டு நாள் சமைக்கவில்லை.

அவன் கடிதத்தை எடுத்து, வண்டியின் பானெட்டில் வைத்துக் கையெழுத்திட்டான். பேனா தாளை ஓரிடத்தில் கிழித்தது.

“உங்களுக்காகக் கதைக்கத்தான் வந்தனான். இப்ப என்னாலை ஏலாது.”

மாரிசாமி கடிதத்தை வாங்கினார். படிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்தார்.

“சரி தம்பி. இந்த ஒண்ணை மூடிட்டுப் போறேன். உள்ள பாத்தாச்சு.”

டிகரின் படியில் கால் வைத்தார். முதல் மழைத்துளிகள் மஞ்சள் களிமண்ணில் விழுந்தன. பிருந்தன் இரண்டடி நடந்தவன் நின்றான்.

“நாப்பது பேர், அண்ணை. வெள்ளைத்துணியும் காட்டியிருக்கினம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் நிப்பாட்டேல்லை?”

மாரிசாமி படியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“நிறுத்துன்னு கீழேருந்து கத்துனேன் தம்பி. அதுக்குள்ள வாய் நிறைய மண்ணு.”