வீட்டுக்கு ஒரு சொல்

மகள் மடிக்கணினியைத் தட்டியதும் பள்ளிக்கூட அரங்கில் அவனுடைய குரல் அழுதது.

அடிபட்டுக் கிடக்கிறேன், போன் உடைந்துவிட்டது, இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பு என்று கெஞ்சியது.

அவன் அப்படி ஒருநாளும் பேசியதில்லை. மூன்றாவது வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்த பெற்றோர்கள் அவன் வாயையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அப்பா செய்தித்தாள் படித்ததை அரை நிமிடம் பதிவு செய்தேன், மீதியைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொண்டது என்று மகள் மைக்கில் விளக்கினாள்.

ஏழாம் வகுப்புக்கு இந்த வருடம்தான் அந்தப் பாடம் வந்திருந்தது. வீட்டுப்பாடம் என்று எழுத எதுவும் இல்லை. படித்ததை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மகள் விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாடம், துணி மடித்தால் பாடம். தெரியாத எண்ணிலிருந்து தெரிந்த குரல் வந்து அழுதால் நம்பக் கூடாது. வீட்டுக்கென்று ஒரு சொல் வைத்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்க வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் போனை வைத்துவிட வேண்டும்.

கொஞ்ச நாளில் அவள் அம்மா வேலைக்குப் போன வேன் கவிழ்ந்தது. அம்மா திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்குப் பதில், அதுவும் பாதி. விழாவில் அவளைப் பேச வைக்கலாமா என்று டீச்சர் வீடு தேடி வந்து கேட்டபோது, அவன்தான் தலையாட்டினான்.

இன்று அவள் குரல் கடைசி வரிசை வரை போனது. அதைக் கேட்கத்தான் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தான்.

டீச்சர் மைக்கை அவனிடம் கொண்டுவந்து நீட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதிவழியில் லிஃப்ட் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் போனில் பேசிப் பேசியே பயம் தெளிய வைப்பவன். இப்போது எழுந்து நின்றவனுக்கு மைக்கை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

உங்களுக்கு இந்த மாதிரி போன் எதுவும் வந்திருக்கிறதா என்று டீச்சர் எடுத்துக் கொடுத்தார்.

இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

“ஒரு தடவை வந்துச்சு டீச்சர்.”

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

லிஃப்ட் கூரை மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் கிரீஸ் என்றான். புது எண். நன்றாகத் தெரிந்த குரல்தான், ஆனால் ஒரே அழுகை, மூச்சு வாங்கியது. மகள் சொன்னது ஞாபகம் வந்தது, சொல்லைக் கேட்டேன். ஐயோ, ஞாபகம் வரலையே என்றது. வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை.

களவாணிக்கு ஞாபகம் எங்கேயிருந்து வரும் என்றார் முன்வரிசையில் ஒருவர். அரங்கம் சிரித்தது. பிறகு கைதட்டியது.

மேடையில் மகள் முகம் முதலில் சுருங்கியது, என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்பது போல. அடுத்த நொடியே மலர்ந்தது. மைக்கிலேயே கேட்டாள்.

“யாரு குரல்லப்பா பேசுனாங்க?”

அவன் மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

“உங்க அத்தை குரல்ல.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இடியே விழுந்தாலும் அத்தை அழமாட்டாள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகள் சிரித்து அவன் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

அவன் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். நீங்கள் உஷாரான ஆள் சார் என்று பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் தட்டினார்.

வேன் கவிழ்ந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் கட்டோடு ஒரு பெண் அவனைத் தேடி வந்தாள். வேனில் அவன் மனைவிக்குப் பக்கத்து இருக்கையில் வந்தவள். அக்கா போன் நொறுங்கிப்போச்சு, என் போன்லேர்ந்துதான் உங்களுக்குப் போட்டாங்க, ரெண்டு தடவை போட்டாங்க என்றாள். எந்தச் சொல் என்று வீட்டில் பேசியபோது அவன் மனைவிதான் ஒன்று மாற்றி ஒன்று சொல்லிச் சிரிப்பு மூட்டியவள். கடைசியில் எது முடிவானது என்று அவள் மனதில் நின்றிருக்காது.

மூன்றாவது தடவை போட்டுத் தரட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாளாம். வேண்டாம், அவர் வேலையா இருப்பாரு, பாவம் என்றாளாம் அவன் மனைவி.

மகள் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் சொல்லிக்குடுத்ததாலதானப்பா நீங்க ஏமாறல?”

யோசித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

“ஆமாம்மா” என்றான் உடனே.