அவள் வைத்த ஃபைல்

"போற போக்குல என் வயித்துல அடிச்சிட்டுப் போயிருக்கா பாரு. மனசாட்சி உள்ளவ செய்யிற வேலையா இது?"

அச்சக முதலாளி திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது, போன வாரம் அவரே வேலையை விட்டு அனுப்பிய புரோகிராமர் பெண்ணை. பேப்பர் வெட்டும் மெஷினை இயக்கும் புரோகிராம் அவள் எழுதியது. இன்று காலை அது எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது.

நாற்பதாயிரம் விடைத்தாள் வெட்டியாக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு லாரி வந்து நிற்கும். தவறினால் அடுத்த வருட ஆர்டர் கைமாறிவிடும்.

அவசரமாக வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் ஸ்கிரீனைப் பார்த்தார். 'லைப்ரரி ஃபைல் கிடைக்கவில்லை' என்று ஒற்றை வரி. கத்தியை இறக்குவதும் நிறுத்துவதும் அந்தத் துணை ஃபைலின் வேலை, அது வராமல் புரோகிராம் கிளம்பாது என்றார்.

"இதோ இருக்கே சார்" என்று மெஷின் கம்பெனி கொடுத்த ஃபைலைத் தேடிக் காட்டினான் ஆபரேட்டர். முதலாளியின் மச்சினன்.

பெயர் அதேதான். ஆனால் புரோகிராம் அதை இங்கே தேடவில்லையே என்ற மெக்கானிக், எந்தெந்த ஃபைலை எங்கெங்கே தேடுகிறாய் என்று கம்ப்யூட்டரையே கேட்டார். மளமளவென்று பதில் விழுந்தது. கடைசி வரியில் அந்தப் பெண்ணின் சொந்த ஃபோல்டர்.

"அந்த ஃபோல்டர் எங்க சார்?"

முதலாளி தொண்டையைக் கனைத்தார். அவள் சுவடே இருக்கக் கூடாதென்று நேற்று அவர்தான் மொத்தமாக அழித்தாராம்.

மெக்கானிக் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, கம்பெனி ஃபைல் இருக்கும் இடத்தைப் புரோகிராமுக்குக் காட்டிவிட்டார்.

மெஷின் உறுமியது. முன்னைவிட வேகமாகக் கட்டுக் கட்டாக வெட்டித் தள்ளியது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா? இத்தனை நாளும் அவ ஃபைல்தான் மெஷினைப் புடிச்சு இழுத்திருக்கு."

அப்படி என்னதான் எழுதினாள் என்று மெக்கானிக் பேக்கப்பிலிருந்து அவள் ஃபோல்டரை மீட்டார். உள்ளே ஒரு குறிப்பு. சத்தமாகவே படித்தார்.

'கம்பெனி லைப்ரரி, கத்தி இறங்கும் முன் கை தெரிகிறதா என்று ஒரே ஒரு தடவைதான் சென்சாரைப் பார்க்கிறது. அதற்குப் பிறகு கை உள்ளே போனால் அதற்குத் தெரியாது. முதலாளியிடம் சொன்னேன், அதற்கெல்லாம் நேரமில்லை என்றார். என் ஃபைல் கத்தி இறங்கி முடியும்வரை பார்க்கும். தயவுசெய்து அழிக்காதீர்கள்.'

மெஷின் சத்தம் நின்றது. மச்சினன் சுவிட்சை அணைத்திருந்தான்.

"சரிப்பா, அவ ஃபைலையே போட்டுக்குவோம். நீ ஓட்டு, லாரி வந்துடும்" என்றார் முதலாளி.

அவன் அசையவில்லை.

"திட்டுவீங்கன்னு பயந்து சொல்லாம இருந்துட்டேன், அது என் தப்பு. பாதி வெட்டுல மெஷின் நின்னு கட்டு வீணாப்போச்சுன்னு அவங்களை வீட்டுக்கு அனுப்புனீங்களே, அப்ப கத்திக்குக் கீழ இருந்தது என் கை மாமா. போனை எடுங்க. மன்னிப்பு கேட்டு அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க."