சோப்புக் கண்ணாடி

பழைய சோப்பு விளம்பரக் கண்ணாடி அது. இடப்பக்கம் ரோஜா நிறத்தில் ஒரு பெண் சிரிப்பாள். பார்ப்பவர் தன் முகத்தை அவளோடு ஒப்பிட்டுக்கொள்ள வலப்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். பொன்னுத்தாயின் தங்கை சண்முகக்கனியைத் தினமும் அதன்முன் நிறுத்தி, "அவளயும் பாரு, ஒன்னயும் பாரு" என்பான் புருஷன். கடைசியில் அவள் தலையை அதிலேயே மோதிக் கொன்றான். உடைந்தது வலப்பக்கம் மட்டும். பொன்னுத்தாய் அதைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

பழம்பொருள் சேகரிப்பவர் தேடி வந்து படத்தைத் துடைத்தார். "பொம்பள மூஞ்சியில ஒரு கீறல் இல்லக்கா. ஒடஞ்ச பக்கத்த அறுத்துப் போட்டுட்டா நல்ல சாமான்." விரிசலில் சிக்கியிருந்த நீள முடியை உருவப் போனார்.

பொன்னுத்தாய் அவர் கையைப் பிடித்து, விரிசலின் விளிம்பிலேயே வைத்து அழுத்தினாள்.

"அறுங்க தம்பி. மொதல்ல இந்தப் பக்கத்துல ஒங்க மூஞ்சியப் பாத்துட்டு அறுங்க."