நாற்பத்தாறு வயசு மாணவன்

“அங்க பாருங்க, அந்த ஆளும் வரிசையில நிக்கறான்!”

பல் டாக்டரம்மா விரலை நீட்டினார். தேர்வு மையத்தின் கேட் அருகே நின்ற அத்தனை பெற்றோரும் திரும்பினார்கள்.

நுழைவுத் தேர்வு எழுத வந்த பிள்ளைகளின் வரிசையில், காதோரம் நரைத்த ஒருவர் ஹால் டிக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மகள்.

“எங்க அடுக்குமாடிக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ண வர்றவர்தான். நாற்பத்தாறு வயசு இருக்கும்,” என்றார் ஆடிட்டர். “இப்பப் போய் இவருக்கு என்ன காலேஜ்?”

“வயசு வரம்பு இல்லைன்னா யார் வேணா வந்துடறதா? இருக்கறதே கொஞ்சம் சீட்டு. அதுல ஒண்ணை இந்த மெக்கானிக் தட்டிட்டுப் போனா நம்ம பிள்ளைங்க எங்க போவாங்க?”

இதைச் சொன்னபோது டாக்டரம்மா தன் மகனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். படிப்பைத் தேர்ந்தெடுத்தது அவர். விண்ணப்பத்தை நிரப்பியது அவர். ‘நான் ஏன் இந்தப் படிப்பை விரும்புகிறேன்’ என்று முந்நூறு வார்த்தைகளில் உருகி உருகி எழுதியதும் அவர்தான். பரீட்சையை மட்டும் மகன் எழுத வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் அவருக்குக் குறை.

“முதல்ல கெமிஸ்ட்ரி, அப்புறம் கணக்கு. தெரியாததை விட்டுட்டு மேல போயிடு. ஆனா ஒண்ணையும் விட்டுடாதே. புரிஞ்சுதா?”

மகன் தலையாட்டினான்.

“டென்ஷன் ஆகாதே! டென்ஷன் ஆனா எல்லாம் போச்சு!” என்று உள்ளே போகிறவனின் முதுகைப் பார்த்துக் கத்தினார்.

அடுத்த மூன்று மணி நேரமும் பெற்றோர்களுக்குப் பொழுது நன்றாகவே போனது. மெல்லுவதற்கு மெக்கானிக் கிடைத்திருந்தார்.

“பெத்த பொண்ணுக்கே போட்டியா உட்கார்ந்திருக்காரே, என்ன மனுஷன்!”

“வெட்கமா இருக்காதா? பக்கத்துல எல்லாம் பதினேழு வயசுப் பசங்க.”

மணி அடித்தது. முதலில் வெளியே வந்தது ஆடிட்டரின் மகள். வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

“அப்பா, அந்த அங்கிள் திரும்பித் திரும்பி கை காட்டிட்டே இருந்தார்ப்பா.”

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தே விட்டது.

“பார்த்தீங்களா! பொண்ணுக்கு விடை சொல்லிக் குடுக்கத்தான் கூடவே உள்ள போயிருக்கான். சும்மா விடக்கூடாது!”

அப்போதுதான் வெளியே வந்த மகனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நாலு பெற்றோரைத் திரட்டி, தேர்வுக் கண்காணிப்பாளர் அறைக்குள் நுழைந்தார்.

மெக்கானிக்கையும் மகளையும் கூப்பிட்டு அனுப்பினார் கண்காணிப்பாளர்.

“ஹால்ல கை காட்டினீங்களா?”

“காட்டினேன் சார்.”

“ஒத்துக்கிட்டான் பாருங்க!”

கண்காணிப்பாளர் விடைத்தாள் கட்டுக்குள்ளிருந்து மெக்கானிக்கின் தாளை உருவினார். மேலும் கீழும் பார்த்தார். பெயரும் எண்ணும் இருந்தன. ஒரு வட்டம்கூட நிரப்பப்படவில்லை.

“ஒரு கேள்விக்குக்கூட விடை போடலையே. அப்புறம் எதுக்கு எழுத வந்தீங்க?”

“போட்டு, தப்பித்தவறி மார்க் வந்துட்டா யாரோ ஒரு பிள்ளைக்கு இடம் போயிடும் சார்.” மெக்கானிக் தயங்கித் தயங்கிப் பேசினார். “போன வருஷம் இவ பத்து நிமிஷத்துல மூச்சு முட்டுதுன்னு ஹாலை விட்டு ஓடி வந்துட்டா. பெத்தவங்களை உள்ள விட மாட்டாங்க. அதான் இந்தத் தடவை நானும் விண்ணப்பம் போட்டேன். அடுத்தடுத்துப் போட்டதால முன்ன பின்ன இடம் கிடைச்சுது. என் முதுகு கண்ணுல பட்டுட்டே இருந்தா எழுதிடுவான்னு நினைச்சேன்.”

“முழுசா எழுதிட்டேன் சார்,” என்றாள் மகள்.

ஆடிட்டர் தன் செருப்பைப் பார்த்தார். மற்றவர்கள் கதவைப் பார்த்தார்கள். டாக்டரம்மா மட்டும் அசரவில்லை.

“கதை நல்லாத்தான் இருக்கு. கை காட்டினது தப்புதானே? அதுக்கு என்ன பதில்?”

“அது இவளுக்குக் காட்டலைங்க.”

“பின்ன யாருக்கு?”



“சொல்லிடுங்க,” என்றார் கண்காணிப்பாளர். “சொல்லலைன்னா உங்க பொண்ணோட தாளையும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும்.”

மெக்கானிக் மகளைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தவர், மறுபடி மூடிக்கொண்டார்.

“எனக்குத்தான் சார்.”

பேசியது டாக்டரம்மாவின் மகன். அம்மாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

“நான் பக்கத்து வரிசை, இவருக்குக் கொஞ்சம் பின்னால. கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. எழுந்து ஓடிடலாம்னு இருந்தேன். மூச்சை மெதுவா இழு, மெதுவா விடுன்னு இவர்தான் கை காட்டிட்டே இருந்தார்.”

“உனக்கா?” டாக்டரம்மாவுக்குக் குரல் கீச்சிட்டது. “அத்தனையும் உனக்கு அத்துப்படியாச்சே! உனக்கு என்னடா பயம்?”

“வெளியில நீ நிக்கறியேன்னுதாம்மா.”