சோடியம் அடங்கும் வரை

இன்னும் அடங்கவில்லை.

அவள் எழுந்து ஆய்வகத்தின் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். திரையில் அதே சோடியத்தின் கதிர்வீச்சு, சந்தைக்கடை இரைச்சலாக. அது ஓய்ந்தால்தான் ஆர்செனிக் இருக்கிறதா என்று தெரியும். அதற்காக ரொம்பப் பொறுக்கவும் முடியாது. அணு உலையில் பிறக்கும் இந்த ஆர்செனிக்குக்கு ஆயுசு குறைவு. ஒரு நாளும் சொச்சமும் போனால் பாதி காலி.

சின்னக் குழாய்க்குள் இருப்பது அக்காவின் முடி.

ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தலை வாரிய சீப்பிலிருந்து எடுத்தது. ஆற்று மண் மாதிரிகளோடு சேர்த்து, யாரிடமும் கேட்காமல் உலைக்குள் அனுப்பியிருந்தாள்.

வயிற்றைப் புரட்டுகிறது என்று படுத்த அக்கா எழுந்திருக்கவே இல்லை. கிருமி என்றார் டாக்டர். அத்தான் பக்கத்திலேயே இருந்து கஞ்சி ஊட்டினார். எல்லாரும் மெச்சினார்கள். அவளுக்கு மட்டும் அந்தக் கஞ்சி மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

நாளைக்கு அதே அத்தானோடு அவளுக்கு நிச்சயதார்த்தம். அக்கா பிள்ளைக்கு மூன்று வயது. சித்தியை விட்டால் யார் பார்ப்பார்கள் என்று வீடே கூடி முடிவு செய்துவிட்டது.

முடியில் ஆர்செனிக் விஷம் இருந்தால் நிச்சயதார்த்தம் இல்லை.

உட்கார்ந்தாள். நகத்தைக் கடித்தாள். மின்விசிறிச் சத்தம் எரிச்சலாக இருந்தது. அணைத்தாள். வியர்த்தது. மறுபடி போட்டாள்.

சோடியம் மெல்ல இறங்கியது.

திரையில் ஓடிய கோட்டின் அடியிலிருந்து ஒரு முனை தலை தூக்கியது. அது உயர உயர அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

கூட வேலை பார்க்கும் ரெஜினா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"அது புரோமின்ல? நீயே இப்படிப் பாத்தா எப்படிப்பா?"

புரோமின்தான். ஆர்செனிக்கை ஒட்டிக் கொஞ்சம் இடப்பக்கமாக நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அதை ஆர்செனிக் என்று எழுதிக் கொடுத்துவிட்டு முழிப்பார்கள். வருஷா வருஷம் அவர்களைத் திட்டுவது அவள்தான்.

ஆர்செனிக் நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். கோடு மேடில்லாமல் வழவழவென்று கிடந்தது.

ஒப்பிடுவதற்காகக் கூடவே அனுப்பிய மாதிரியை வைத்துப் பார்த்தாள். அதில் ஆர்செனிக் பளிச்சென்று நின்றது. கருவியில் கோளாறு இல்லை. மீண்டும் முடியை வைத்தாள். ஒன்றும் இல்லை.

அத்தான் கஞ்சிதான் ஊட்டியிருக்கிறார்.

அவளுக்கு அழுகை வந்தது. அக்காவை நினைத்து இல்லை. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. அம்மா. தாம்பாளம், பூ, புடவை என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்மா."



"ஏன்டி, அவர்கிட்ட என்ன குறை கண்ட?"

அவள் திரையைப் பார்த்தாள்.

"பாத்துட்டேன். ஒரு குறையும் இல்லம்மா," என்றாள். "இருந்தாலும் எனக்கு வேண்டாம்."