இன்னும் சொட்டுகிறது

“சொட்டுது.”

கேரவனுக்குள் உட்கார்ந்திருந்த மனைவி குரல் கொடுத்ததும், கூரைமேல் மண்டியிட்டிருந்த கணவன் பெருமூச்சு விட்டான். தகரத்தைத் தாண்டி அது கீழே கேட்டது.

“எங்கே?”

“கட்டிலுக்கு மேலே. தலைமாட்டுப் பக்கம்.”

“நேத்து விளக்குக்குப் பக்கத்துலன்னு சொன்னே?”

“தண்ணி என்ன, உங்ககிட்ட சொல்லிக்கிட்டா இடம் மாறும்?”

மேலே சிரிப்புச் சத்தம். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

இந்தச் சிரிப்புக்காக நான்கு மாதம் காத்துக் கிடந்தவள் அவள். வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடிய அன்று படுத்தவன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டால் ‘ம்’. யாராவது தேடி வந்தால் ‘இல்லைன்னு சொல்லு’. டாக்டர் கொடுத்த மாத்திரைகள் தம்பாட்டுக்குத் தீர்ந்தன. அப்புறம் ஒருநாள் பேய்மழை. வீட்டை ஒட்டி நிறுத்தியிருந்த கேரவன் ஒழுகி, உள்ளே மெத்தை தொப்பலாகிவிட்டது என்று அவள் சொன்னபோதுதான் எழுந்து வெளியே வந்தான்.

அன்றிலிருந்து மூன்று வாரமாக ஏணியும் அவனும்தான். கூரை ஜன்னலைச் சுற்றி ஒழுகாமல் அடைக்கப் பூசி, வெடித்திருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்தான். துருப்பிடித்த திருகாணிகளை மாற்றினான். புதுப் பசை அடித்தான். அது காய்வதற்குள் கை சும்மா இருக்காமல், பக்கவாட்டில் ஒடுங்கியிருந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட்டும் அடித்துவிட்டான். தினமும் காலையில் சோதனை: ஈரத் துண்டுகளைக் கூரை இணைப்புகள்மேல் அரை மணி நேரம் விரித்து வைப்பான். அவள் உள்ளே அண்ணாந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

மறுபடியும் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவானோ என்ற பயம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

“இன்னுமா ஒழுகுது?” கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள் அவன் தங்கை. “அண்ணி, பேசாம பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க. எங்கே, நான் பார்க்கறேன்.”

மனைவி சட்டென்று எழுந்து கேரவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். “உள்ளே வராதே. ஈரம், வழுக்கும்.”

“ஏன், நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?”

“விழுந்து வச்சா உன் புருஷனுக்கு யார் பதில் சொல்றது? போ, போய் மூணு பேருக்கும் டீ போடு.”

“வந்தவளையே வேலை வாங்குங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே தங்கை வீட்டுக்குள் போனாள்.

ஏணி கிறீச்சிட்டது. கூரையில் விரித்திருந்த துண்டுகளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் இறங்கி வந்தான். மூக்கு நுனியில் வெள்ளைப் பசை. கேரவன் படியில் மனைவியை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நேத்து நீ கடைக்குப் போயிருந்தப்போ, கேரவன் வாடகைக்கு விடறவர் ஒருத்தர் இந்தப் பக்கமா போனார். வண்டியைப் பார்த்துட்டு அவரே ஏணியில ஏறி, பசை போட்ட இடத்தையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்.”

“என்ன சொன்னார்?”

“அவர் ஷெட்டுல பதினோரு வண்டி ஒழுகுதாம். திங்கட்கிழமையிலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லிட்டார்.”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். “அப்போ... சுவரைப் பார்த்துப் படுக்க இனிமே நேரம் இருக்காது?”

“பதினோரு வண்டிம்மா. முதுகு சாய்க்கக்கூட நேரம் இருக்காது.”

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனாலும் அவள் விடவில்லை. “நம்ம கூரையே இன்னும் சொட்டுதேன்னு அவர் கேட்டா என்ன சொல்வீங்க?”

அவன் துண்டுகளில் ஒன்றை உருவி அவளிடம் நீட்டினான்.

“முதல்ல கண்ணைத் துடைச்சுக்கோ. பத்து நாளா காய்ஞ்ச துண்டைத்தான் மேலே விரிக்கறேன். இன்னைக்கு நீ எந்த இடத்துல சொட்டுதுன்னு சொல்லப் போறேன்னு கேட்கற ஆசையிலதான் நான் காலையில எழுந்திருக்கறதே.”